மூன்றாவது மிசினின் எலுமிச்சம்பழங்கள்

என் வீட்டுக்காரரை எங்கள் தோட்டத்து ரப்பர் ஸ்டோருக்குப் பாதுகாப்பு அதிகாரியாகப் போட்டதற்குக் காரணம் ஒரு பூசணிக்காய். இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை. இப்போது அந்த வேலைக்குத் தனிப் படிப்பு இருக்கிறதாம், மஞ்சள் தொப்பி இருக்கிறதாம். எங்கள் காலத்தில் அப்படி ஒரு பெயரே கிடையாது. 'காயம் பாக்குறவரு' என்றுதான் சொன்னோம். அதையும் பாதி கேலியாகத்தான் சொன்னோம்.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முன்பு நடந்தது இது. மலாயாவின் ஜொகூரில், ஆயர் ஈத்தாமிலிருந்து உள்ளே போகிற செம்மண் சாலையில் எங்கள் தோட்டம். என் வீட்டுக்காரர் காலையில் மரம் சீவுவார், சாயங்காலம் மாரியம்மன் கோயிலில் பூசாரி. பரம சாது. கோழி குறுக்கே வந்தால்கூட நின்று வழி விடுகிற ஆள். இருக்கிற கோபத்தையெல்லாம் ஆண்டவன் எனக்கே கொடுத்துவிட்டான்.

நான் ஸ்டோரில் வேலை செய்தேன். ஸ்டோர் என்றால் அரிசி பருப்பு விற்கிற இடமில்லை. வெட்டுக்காட்டிலிருந்து வருகிற ரப்பர் பாலைத் தொட்டியில் ஊற்றி, அசிட் விட்டு உறைய வைத்து, அந்தக் கட்டியை மிசினில் கொடுத்துத் தகடாக இழுக்கிற இடம். நான்கு மிசின்கள் வரிசையாக நிற்கும். கடைசியில் ஓர் எஞ்சின். அது ஓட ஆரம்பித்தால் நான்கும் ஓடும், நின்றால் நான்கும் நிற்கும். ஒவ்வொரு மிசினிலும் இரண்டு இரும்பு உருளைகள். அவற்றின் நடுவே கட்டியைச் செருகிவிட்டுக் கையைச் சட்டென்று எடுத்துக்கொள்ள வேண்டும். சட்டென்று எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அந்த வேலையை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்கு ஒரே காரணம், ஸ்டோருக்குப் பின்னாலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டகை இருந்ததுதான். என் மகன் அப்போது கைக்குழந்தை. மரம் சீவ வெட்டுக்குப் போகிற பெண்கள் இருட்டோடு பிள்ளையைக் கொட்டகையில் போட்டுவிட்டு மலை மேலே போனால், வெயில் ஏறித்தான் திரும்புவார்கள். மார் கட்டிக்கொண்டு வலியோடு ஓடி வருவார்கள். ஸ்டோர்க்காரிகளான எங்களுக்கு எஞ்சின் நின்றால் போதும், பின்பக்கமாக ஓடிப்போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். அந்த இடத்தை எவன் கேட்டாலும் நான் கொடுக்கத் தயாராக இல்லை.

பூசணிக்காய்க்கு வருகிறேன். ஒவ்வொரு வருஷமும் ஆயுத பூசையன்று மிசின்களைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போடுவோம். பிறகு பூசாரி ஒரு பூசணிக்காயைத் துளைத்து உள்ளே குங்குமம் கொட்டி, எஞ்சின் முன்னால் ஓங்கி உடைப்பார். சிவப்பாகச் சிதறும். 'இந்த வருஷத்துக்கு இது போதும், எங்க கையக் கேக்காத' என்று மிசினுக்குச் சொல்வதாக அர்த்தம். அந்த வருஷம் பூசணிக்காய் இவர் கையிலிருந்து வழுக்கி விழுந்தது. உடையவில்லை. உருண்டு உருண்டு போய் மூன்றாவது மிசின் முன்னால் நின்றுகொண்டது. எங்களை வேலை வாங்குகிற கங்காணி அதை எடுத்து வந்து மறுபடி கொடுத்தார். இவர் உடைத்தார். ஆனால் எல்லார் முகமும் கறுத்துவிட்டது.

அதன் பிறகு ஸ்டோரில் யாருக்கு விரல் நசுங்கினாலும் பழி என் வீட்டுக்காரர் மேல்தான். "மிசின் காவு கேக்குது, பூசாரி ஒழுங்கா ஒடைக்கல" என்பார்கள். ஒருத்திக்கு நகமே போனபோது அவள் மாமியார் எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் வந்து நின்று சத்தம் போட்டாள். நானும் போட்டேன். இவர் உள்ளே உட்கார்ந்து விபூதி சலித்துக்கொண்டிருந்தார்.

நகம் போன சேதி சிங்கப்பூரில் இருந்த பெரிய ஆபீஸ் வரைக்கும் போயிற்று. ஸ்டோரில் காயம் படாமல் பார்த்துக்கொள்ள ஒரு பொறுப்பான ஆள் வேண்டும் என்று அங்கேயிருந்து எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு உத்தரவு வந்தது. துரை ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணியைக் கூப்பிட்டு விசாரிக்கச் சொன்னார். கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். வேட்டி மேல் கோட்டுப் போட்டுக்கொண்டு, ஸ்டோர் ஈரத்தில் கால் வைக்க மனசில்லாமல் வாசலிலேயே நின்று கேட்டார்.

"இஞ்ச ஆருக்கும் காயம் பட்டால் ஆர் பொறுப்பு எண்டு துரை கேக்கிறார்."

கங்காணிக்குப் பகீர் என்றது. தன் தலையில் வந்து விடியுமோ என்று பயந்து, "பூசாரிதாங்கய்யா பொறுப்பு" என்று சொல்லிவிட்டார். பெண்களும் ஒரே குரலில் ஆமாம் என்றார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது சத்தியம். கிராணியும் அப்படியே போய், அந்த வேலைக்கு ஏற்கெனவே ஒருத்தர் இருக்கிறார் என்று துரையிடம் சொல்லிவிட்டார். துரைக்கு மெத்தச் சந்தோஷம். மறுநாளே என் வீட்டுக்காரரை மரம் சீவுகிற வேலையிலிருந்து எடுத்து ஸ்டோருக்குப் போட்டார்கள்.

ஆபீஸ் வராந்தாவில் நிற்க வைத்து அவருடைய வேலை என்ன என்று விளக்கினார்களாம். துரை சொல்லச் சொல்லக் கிராணி தமிழில் சொன்னார். எஞ்சின் போடுவதற்கு முன் தரையையும் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். பெண்கள் வளையலைக் கழற்றி, கொண்டையை இறுக்கி, முந்தானையை இடுப்பில் செருகியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். யாருக்காவது அடிபட்டால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரெசரிடம் கூட்டிக்கொண்டு போய், ஆபீசுக்கும் சொல்ல வேண்டும்.

"உமக்கு எல்லாம் விளங்கிச்சோ?" என்று கிராணி கேட்டாராம்.

"வெளங்குச்சுங்க. நான் கையத் தூக்கினா எஞ்சின் நிக்குமாங்க?"

கிராணி அதை மொழிபெயர்த்ததும் துரை சிரித்துவிட்டாராம். எஞ்சின் நின்றால் பால் கட்டி வீணாகிவிடும், அதெல்லாம் முடியாது என்றாராம். பிறகு கடைசியாக ஒன்று சொன்னார். அடுத்த ஆயுத பூசை வரைக்கும் ஸ்டோரிலிருந்து ஒரு காயம்கூட ஆஸ்பத்திரிக்கு வரக்கூடாது. வந்தால், புடவையும் கூந்தலும் உள்ள பெண்களை மிசினிலிருந்து எடுத்து வெட்டுக்கு அனுப்பிவிட்டு, ஆண்களை வைப்பார்களாம்.

அன்று சாயங்காலம் இவர் அதைச் சொன்னபோது நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். கஞ்சி அடுப்பில் கொட்டியதுகூடத் தெரியவில்லை.

"தலையாட்டிட்டு வந்தீங்களா?"

"வேற என்ன புள்ள செய்யறது? தொர சொல்றாரு."

"நாளைக்கு எம்புள்ளய நீங்க மார்ல போட்டுக்கிட்டு ஸ்டோர்ல நில்லுங்க. நான் மலைக்குப் போறேன்."

அவர் பிள்ளையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு, "ஒண்ணும் ஆகாது, ஆத்தா பாத்துக்குவா" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு ஆத்தாளையும் சேர்த்து நாலு வார்த்தை சொன்னேன்.

ஆனால் மனுஷன் வேலையை மனசாரச் செய்தார், அதைச் சொல்லியாக வேண்டும். விடிவதற்கு முன்பே போய்த் தரையில் மணல் தூவுவார். பெல்ட்டைக் கையால் தடவிப் பார்ப்பார். பெண்களைப் பார்த்து முந்தானையைச் செருகு என்று சொல்ல மட்டும் அவருக்கு வாய் வராது. கூச்சம். கோயிலில் விபூதி கொடுக்கும்போதே தரையைப் பார்த்துக்கொண்டு கொடுக்கிற ஆள். என் பக்கம் வந்து நின்று இருமுவார். நான் புரிந்துகொண்டு, "ஏய், முந்தானைய இழுத்துச் செருகுங்கடி, வளையல கழட்டுங்கடி" என்று கத்துவேன். எஞ்சின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கிற குரல் அந்த ஸ்டோரிலேயே என்னுடையதுதான். அப்படியாக எனக்கும் அதில் பாதி உத்தியோகம் வந்தது.

மாதங்கள் ஓடின. ஸ்டோரிலிருந்து ஒரு காயமும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. துரை என் வீட்டுக்காரரைப் பார்த்தால் தொப்பியைத் தொடுகிற அளவுக்கு வந்துவிட்டார். லயத்தில் மட்டும் ஒரு விசித்திரம் நடந்தது. பெண்களுக்கு வரிசையாகத் தேங்காய்த் துருவி குத்த ஆரம்பித்தது. என் நாத்தனார், அதாவது இவருடைய தங்கச்சி, என்னோடு மிசினில் நிற்பவள், ஒரு நாள் விரலில் மஞ்சள் துணி சுற்றிக்கொண்டு வந்தாள். என்ன என்றால் துருவி என்றாள். அடுத்த வாரம் இன்னொருத்தி. அவளுக்கும் துருவி. டிரெசரிடமும் துருவி என்றே சொல்லி மருந்து கட்டிக்கொண்டார்கள். அவர் பாவம், படித்த மனுஷர், கவலைப்பட்டுத் துரையிடம் போய், லயத்துச் சமையலறைகள் மிகவும் ஆபத்தாக இருக்கின்றன என்று சொல்லிவிட்டார்.

துரை உடனே உத்தரவு போட்டார். பூசாரி வீடு வீடாகப் போய்த் தேங்காய்த் துருவிகளைப் பரிசோதிக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இன்றைக்கும் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கிறது. லயத்துக் கோடியிலிருந்து இவர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "ஆத்தா, துருவியக் கொஞ்சம் கொண்டா" என்று கேட்கிறார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொண்டு வருகிறார்கள். இவர் ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பிக் கொடுக்கிறார். ஆம்பிளைகள் எல்லாம் வெளியே வந்து உட்கார்ந்துகொண்டு, "பூசாரி, எங்க வீட்டு அம்மிய மறந்துட்டீங்களே" என்று கூப்பிடுகிறார்கள். கடைசியில் என் நாத்தனார் வீட்டுக்கு வந்தார். அவளிடம் துருவியே இல்லை. எங்கள் வீட்டுத் துருவியைத்தான் இரவல் வாங்கித் துருவுவாள்.

அண்ணனும் தங்கச்சியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டு போனாள்.

"மிசினாம்மா?"

அவள் அழுதுவிட்டாள். "ஆமாண்ணே. சொன்னா எல்லாருக்கும் வேல போயிருமே."

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். தன்னிடம் ஏன் ஒருத்தியும் சொல்லவில்லை என்பதுதான் அவருடைய துக்கம். எனக்கு அதைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

"எப்பிடிங்க சொல்லுவாளுக? காயம்னு சொன்னா சோத்துல மண்ணு. சொல்லாட்டி ஒங்களுக்குத் தொர தொப்பியத் தொடறாரு. ஒங்க வேல காயத்தப் பாக்குறதா, காயத்த மூடுறதா?"

எழுந்து போய் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு வந்தார். பிறகு, "என்கிட்ட சொல்ல வேணாம்" என்றார். "ஆத்தாகிட்ட சொல்லட்டும்."

அடுத்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் ஸ்டோர்ப் பெண்களை மட்டும் நிற்கச் சொன்னார். சந்நிதிக்குப் பக்கத்தில் நான்கு வாழையிலை போட்டிருந்தார், மிசினுக்கு ஒன்றாக. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எந்த மிசின்ல கை நசுங்குச்சோ அந்த எலையில ஒரு எலுமிச்சம்பழம் வைங்க. நசுங்கப் பாத்துத் தப்பிச்சாலும் வைங்க. தப்பிச்சதுக்கு ஆத்தாவுக்கு நன்றி சொல்லணும்ல? யாரு வச்சதுன்னு நான் கேக்க மாட்டேன். நான் அந்தப் பக்கம் திரும்பிக்குவேன்."

ஆபீசிடம் மறைக்கலாம், டிரெசரிடம் மறைக்கலாம். மாரியம்மன் காப்பாற்றிக் கொடுத்த விரலை அவளிடமே மறைக்க எவளுக்குத் தைரியம் வரும்? எலுமிச்சம்பழங்கள் வர ஆரம்பித்தன. தோட்டத்து மரத்தில் இருந்ததெல்லாம் தீர்ந்து போயிற்று. பக்கத்து மலாய்க் கம்பத்திலிருந்து கீரையும் பழமும் விற்க வருகிற அம்மாளை மக்சிக் என்போம், அவள் கூடையிலிருந்த லீமாவ் என்கிற சின்ன எலுமிச்சைகளையும் வாங்கி வைத்தோம். அவள் ஒரு நாள் தாங்க மாட்டாமல் என்னைக் கேட்டாள். "அலமாக், இத்தனை லீமாவ் எதுக்கு? உங்க லயத்துல எல்லாருக்கும் கல்யாணக் குளியலா?" அவர்கள் கல்யாணத்தில் லீமாவ் பிழிந்து குளிப்பாட்டுவார்கள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். எப்படி விளக்குவது?

பழைய பழங்கள் சுருங்கி அடியில் கிடக்க, புதிய பழங்கள் மேலே ஏறின. இவர் ஒன்றைக்கூட எறியவில்லை. வாழையிலை போய் நான்கு முறமாகிவிட்டது. முதல் முறத்தில் கொஞ்சம், இரண்டாவதிலும் நான்காவதிலும் கொஞ்சம். மூன்றாவது முறத்தில் குவியல். பூசணிக்காய் உருண்டு போய் நின்ற அதே மூன்றாவது மிசின்.

அதைப் பார்த்த பிறகுதான் இவர் அந்த மிசினின் முன்னால் போய் உட்கார்ந்து தரையைப் பார்த்தார். அங்கே தரை உள்வாங்கியிருந்தது. நான்கு மிசின் தண்ணீரும் அங்கேதான் ஓடி வந்து தேங்கும். எத்தனை மணல் போட்டாலும் கரைத்துக்கொண்டு போகும். கால் வழுக்கும், வழுக்கினால் கை முன்னால் போகும், முன்னால் உருளை. தரையைக் கொத்திச் சிமெந்து போட வேண்டும் என்று கிராணியிடம் கேட்டார். கிராணி துரையிடம் கேட்டார். ஒரு காயமும் இல்லாத ஸ்டோருக்கு எதற்குச் சிமெந்து என்று துரை கேட்டாராம். நியாயமான கேள்விதான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் துரை கட்டை விரலில் வெள்ளைத் துணி சுற்றிக்கொண்டு வந்தார். முந்தின நாள் மத்தியானம் நாங்கள் பிள்ளைகளைப் பார்க்கப் போயிருந்தபோது ஸ்டோர்ப் பக்கம் வந்து போனவர்தான். பங்களாவில் பிஸ்கட் டின்னைத் திறக்கும்போது தகரம் கிழித்துவிட்டது என்று கிராணியிடம் சொன்னாராம். கிராணி கங்காணியிடம் சொன்னார், கங்காணி எங்களிடம் சொன்னார். ஐயோ பாவம் என்றோம். துரை சொன்னால் அது பிஸ்கட் டின்தான்.

ஆயுத பூசை வந்தது. முதல் நாளே இவரைப் பிடித்துக்கொண்டேன். காயம் இல்லை என்று துரை மெச்சிக்கொண்டு போனால் எங்கள் வேலை நிலைக்கும், ஆனால் மூன்றாவது மிசின் அப்படியே இருக்கும், என்றைக்காவது ஒருத்தியின் கையையே கேட்கும். உண்மையைச் சொன்னால் அன்றோடு நாங்கள் மலைக்கு. இரண்டில் எதைச் செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். "ஆத்தாகிட்ட வச்சத நான் ஒளிக்க மாட்டேன்" என்றார். அந்தச் சாது மனுஷரிடம் அப்படி ஒரு குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

மிசின்களைக் கழுவி மாலை போட்டாயிற்று. துரை வந்தார், கூடவே கிராணியும் டிரெசரும். கழுத்தில் மாலையோடு உள்ளே நுழைந்த துரை அப்படியே நின்றுவிட்டார். ஒவ்வொரு மிசின் முன்னாலும் ஒரு முறம். மூன்றாவதன் முன்னால் குவியல்.

"இது என்ன?" என்று தமிழிலேயே கேட்டார்.

இவர் சொன்னார். கை நசுங்கினதற்கு ஒன்று, தப்பித்ததற்கு ஒன்று என்று ஒளிக்காமல் சொன்னார். கிராணி மொழிபெயர்க்கும்போது நடுவில் இரண்டு தடவை தண்ணீர் குடித்தார். துரையின் முகம் சிவந்துகொண்டே போயிற்று. டிரெசர் எங்கள் விரல்களைப் பார்த்தார். நாங்கள் எல்லாரும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டோம். துரை கிராணியிடம் ஏதோ வெடுக்கென்று சொன்னார். அதில் எங்களுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை 'பொம்பள'.

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. முன்னால் போனேன். கங்காணி, "ஏ, சும்மா இரு" என்று கையை நீட்டினார். தள்ளிவிட்டேன்.

"தொர, நாலு மிசின்லயும் நாங்கதான் மாறி மாறி நிக்கிறோம். அதே பொடவ, அதே முடி. மத்த மூணுல கொஞ்சமாக் கெடக்கிற பழம் இதுல மட்டும் ஏன் குமிஞ்சு கெடக்கு? நீங்க இங்க வந்து கொஞ்சம் நின்னு பாருங்க."

 என் வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். என் மகன் முகம்தான் கண் முன்னால் வந்தது.

துரை மெதுவாக நடந்து மூன்றாவது மிசினுக்கு முன்னால் போய் நின்றார். கீழே தரையைப் பார்த்தார். தன் கட்டை விரலைப் பார்த்தார். துணி எடுத்தாயிற்று, நகம் மட்டும் இன்னும் கறுப்பாக இருந்தது. பிறகு பூசைத் தட்டிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, குனிந்து, அந்தக் குவியலின் உச்சியில் வைத்தார்.

 "பிஸ்கட் டின்னு" என்று என் நாத்தனார் என் காதில் சொன்னாள். நான் உதட்டைக் கடித்தேன், பிரயோசனப்படவில்லை. முதலில் நான் சிரித்தேன், பிறகு அவள், பிறகு எல்லாப் பெண்களும். கிராணிகூடத் திரும்பி நின்றுகொண்டார். துரையின் காது இரண்டும் சிவந்து, அப்புறம் அவரும் சிரித்துவிட்டார். அவருக்கு மேலே சிங்கப்பூரில் ஒரு துரை இருந்து, ஒரு காயமும் கூடாது என்று அவரையும் நெருக்கியிருக்கிறான். எஞ்சின் நின்றிருந்த நேரத்திலும் அந்தத் தரையில் வழுக்கி உருளையில் விரலை இடித்துக்கொண்டு, மேலே இருப்பவனுக்குப் பயந்து அவரும் எங்களைப் போலத்தான் அதை மறைத்திருக்கிறார். அந்த நிமிஷம் எனக்கு அந்த மனுஷரைப் பிடித்துப் போயிற்று.

துரை சொன்னதைக் கிராணி சொன்னார். "நிலத்தைக் கொத்திச் சிமெந்து போடட்டாம். பெண்டுகள் மிசினிலேயே நிக்கட்டாம்."

என் வீட்டுக்காரர் விடவில்லை. பழைய கேள்வியை மறுபடி கேட்டார். "நான் கையத் தூக்கினா எஞ்சின் நிக்குமாங்க?"

துரை கிராணிக்காகக் காத்திருக்கவில்லை. "நிக்கும்" என்றார்.

அந்த வருஷம் பூசணிக்காய் ஒரே அடியில் உடைந்து எஞ்சின் மேலெல்லாம் தெறித்தது. டிரெசரின் வெள்ளைக் கால்சட்டையிலும் தெறித்தது. யாரும் வருத்தப்படவில்லை.

சிமெந்து காய்ந்து மறுபடி வேலை தொடங்கிய நாள், எஞ்சின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கிறது. நான் யாரையோ முந்தானையைச் செருகச் சொல்லிக் கத்திக்கொண்டிருக்கிறேன். திடீரென்று என் வீட்டுக்காரர் கையைத் தூக்கினார். எஞ்சின் நின்றது. அந்தத் தோட்டத்தில் வேலை நடுவே எஞ்சின் நின்றது அதுதான் முதல் தடவை. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். என் முந்தானை அவிழ்ந்து உருளைப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஊரு முன்னால என்னையத்தான் கெடச்சுதா ஒங்களுக்கு?" என்று ஆரம்பித்தேன். மேலே சொல்லவில்லை. எஞ்சின் சத்தம் அடங்கியதும் பின்பக்கத்திலிருந்து வேறு சத்தம் கேட்டது. கொட்டகையில் பிள்ளைகள் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தன. வேலை நேரத்தில் அங்கே இத்தனை சிரிப்பு இருக்கும் என்று எங்களுக்கு அதுவரை தெரியாது. ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையின் குரலைப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தாள். என் மகன் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது, என் பிள்ளையாயிற்றே. முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அந்த வெள்ளிக்கிழமை கோயிலில், முதல் எலுமிச்சம்பழத்தை நான்தான் கொண்டு போய் வைத்தேன்.